பூட்டில்லாத போனும் பிடிக்காத சிக்னலும்

நண்பர் ஒருவரின் தம்பி மகன் படிப்புக்காகச் சென்னையிலிருந்து வந்து, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியிருக்கிறான். வாசலில் நிற்கும்போது அவன் போனில் நான்கு கோடு. கதவைத் திறந்து கீழே இறங்க, பாதிப் படியில் இரண்டு. அடுப்படிக்கு வந்தால் ஒன்றுமில்லை. அதே இடத்தில் என் போனில் இரண்டு கோடு அசையாமல் நின்றது. இரண்டு போனிலும் ஒரே கம்பனியின் சிம்தான்.

"இந்தியாவுல வாங்கின ஃபோன் அன்லாக்ட்தானே அங்கிள்? அப்போ எந்த சிம் போட்டாலும் வேலை செய்யணுமே?" என்றான்.

அவன் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பித்தான் ரொறன்ரோவில் பலர் காசை விடுகிறார்கள்.

பூட்டு என்று நாம் சொல்வது போனுக்குள் எழுதி வைத்த ஒரு கட்டளை. சிம் ஒவ்வொன்றுக்குள்ளும் சந்தாதாரர் எண் ஒன்று இருக்கிறது. நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: கனடாவுக்கு 302, இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405. அடுத்து வருவது கம்பனி: ரோஜர்ஸ் 720, பெல் 610, டெலஸ் 220, ஃப்ரீடம் 490. பூட்டிய போன் சிம்மைப் போட்டதும் இந்த இலக்கங்களைத்தான் முதலில் வாசிக்கும். தனக்குச் சொல்லி வைத்த இலக்கமாக இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். பழைய நோக்கியாக்களில் ஒரு இரகசிய எண்ணைத் தட்டினால் கட்டளை அழிந்துவிடும். ஐபோனில் அந்தப் பதிவு ஆப்பிளின் கணினியில் இருக்கிறது. ஆகவே கடைக்காரத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், விற்ற கம்பனி ஆப்பிளுக்குச் சொல்லாதவரை முறையாக ஒன்றும் நடக்காது.

முறையில்லாமல் நடந்தது உண்டு. 2007இல் முதல் ஐபோன் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு மட்டும் என்று பூட்டப்பட்டு வந்தது. அந்த ஓகஸ்டிலேயே நியூ ஜெர்சியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஜார்ஜ் ஹாட்ஸ், போனைப் பிரித்துப் பற்றவைத்து அந்தப் பூட்டைத் திறந்துகாட்டினான். திறந்த போனைக் கொடுத்து ஒரு நிசான் காரும் மூன்று புதிய ஐபோன்களும் வாங்கிக்கொண்டான். கனடாவில் ஐபோன் விற்பனைக்கே வராத காலம் அது. எல்லைக்கு அப்பால் வாங்கி, திறந்து, ரோஜர்ஸ் சிம் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். 2008 யூலை 11இல் ரோஜர்ஸ் அதை முறைப்படி விற்கத் தொடங்கியபோது மூன்று வருட ஒப்பந்தம் கேட்டது. மக்கள் கொதித்தார்கள், இணையத்தில் மனு போட்டார்கள். கம்பனி தரவுக் கட்டணத்தைக் கொஞ்சம் இறக்கியது, மூன்று வருடத்தை மட்டும் விடவில்லை.

அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் போனைத் திறந்து என்ன பயன் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும். பெல்லும் டெலஸும் அப்போது சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தில் இருந்தன. அவற்றின் போன்களில் சிம் அட்டையே கிடையாது. சிம் போடும் ஜிஎஸ்எம் வகையில் இருந்தவை ரோஜர்ஸும் ஃபைடோவும்தான். ஃபைடோவை நடத்திய மைக்ரோசெல் நிறுவனத்தை ரோஜர்ஸ் 2004இலேயே வாங்கிவிட்டது. ஆகவே ரோஜர்ஸ் போனைத் திறந்தவர் போய்ச் சேரக்கூடிய ஒரே மாற்றிடம் ரோஜர்ஸின் இன்னொரு கடை. 2007 மார்ச்சிலேயே எண்ணை மாற்றாமல் கம்பனியை மாற்றும் உரிமை வந்திருந்தது. எண் கூடவே வரும், போன் வராது. யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகிறவர்களுக்குத்தான் திறந்த போன் அப்போது உதவியது.

2009 நவெம்பரில் பெல்லும் டெலஸும் சேர்ந்து சிம் போடும் வலையமைப்பைத் திறந்தன. அடுத்த மாதமே விண்ட் மொபைல் ரொறன்ரோவில் கடை திறந்தது. ஒப்பந்தம் இல்லை, விலையும் மலிவு. நம் சனம் விண்ட் கடைகளுக்கு ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கேதான் பலர் முதல் பாடம் படித்தார்கள்.

விண்ட் ஏலத்தில் எடுத்திருந்த அலைவரிசை 1700, 2100 மெகாஹேர்ட்ஸ் சேர்ந்த ஒரு சோடி. வட அமெரிக்காவில் அதை ஏடபிள்யூஎஸ் என்பார்கள். ஐபோன் 4இலும் 4எஸ்இலும் அந்த அலைவரிசைக்கான வானொலிப் பகுதியே இல்லை. ஸ்டீல்ஸும் கென்னடியும் சந்திக்கும் பசிபிக் மோலில் காசு கொடுத்துத் திறந்த ஐபோனோடு விண்டுக்குப் போனவர்கள் திரும்பிவந்து கடைக்காரரோடு சண்டை பிடித்தார்கள். ஸ்காபரோவில் போன் திருத்தும் தம்பி ஒருவர் அப்படி வந்த ஓர் அக்காவுக்குச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "அக்கா, பூட்டு திறந்துதான் கிடக்கு. இந்தப் போனுக்கு அவன்ர பாஷை விளங்காது. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

இதே கதை 2016இல் மறுபடியும் நடந்தது. விண்டை ஷோ நிறுவனம் வாங்கி, அதற்கு ஃப்ரீடம் என்று பெயர் மாற்றி, எல்டிஇ என்ற 4ஜி சேவையைத் தொடங்கியது. தெரிந்தெடுத்தது 66ஆம் எண் அலைவரிசை. அதைப் பிடிக்கக்கூடிய போன் என்று அன்று கடையில் இருந்தவை இரண்டே இரண்டு: எல்ஜி வி20, ஸெட்டிஇ கிராண்ட் எக்ஸ்4. ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிய பூட்டில்லாத ஐபோன் 7 பழைய 3ஜியில் ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஐபோன் 8, எக்ஸ் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

பேஸ்மென்ட் பையனின் சிக்கலும் இந்த வகைதான். வானொலி அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது சுவரையும் மண்ணையும் நன்றாகத் துளைக்கும். 2500 மெகாஹேர்ட்ஸ் அலை தெருவில் தரவை வேகமாகத் தரும், நிலத்துக்குக் கீழே இறங்கத் தயங்கும். 600, 700 அலைகள் தரவை மெதுவாகத் தரும், ஆனால் கீழே இறங்கும். கனடாக் கம்பனிகள் அந்தக் கீழ் அலைகளை 12, 13, 71 என்ற வரிசை எண்களில் ஓட்டுகின்றன. இந்தியாவுக்கென்று செய்த பல போன்களில் 3, 5, 8, 40, 41 இருக்கும், இவை இருக்காது. அங்கே தேவையில்லை, ஆகவே தயாரிப்பாளர் காசை மிச்சம் பிடிக்கிறார். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே நிறம். உள்ளே இருக்கும் வானொலி மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. புதிதாக வருகிறவர்களில் பலர் முதலில் குடியேறுவது பேஸ்மென்டில் என்பதால், இந்த வித்தியாசம் நம்மவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது.

இதற்கு மேலே இன்னொரு தடை இருக்கிறது. கண்ணுக்கே தெரியாதது. முன்பு அழைப்பு 2ஜி, 3ஜி வழியே போனது. அலைவரிசை பொருந்தினால் எந்தப் போனுக்கும் அது ஒத்துப்போனது. அமெரிக்கக் கம்பனிகள் 2022இல் 3ஜியை மூடின, கனடாவும் அதே வழியில் போகிறது. இனி அழைப்பும் எல்டிஇ வழியேதான். வோல்டி என்று சொல்லப்படும் அந்த வசதியை எந்தெந்த போனுக்குக் கொடுப்பது என்று கம்பனி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத மாடல், தேவையான அலைவரிசை எல்லாம் இருந்தும், யூடியூப் காட்டும், அம்மாவின் அழைப்பை எடுக்காது. வைஃபை வழியே அழைக்கும் வசதியும் அப்படித்தான். பையனின் போனில் அதற்கான பொத்தானே மெனுவில் தோன்றவில்லை. இருந்திருந்தால் பேஸ்மென்ட் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கனடியர்கள் உண்மையிலேயே வென்ற இடம் அது.

2012இல் நான் ஒரு கம்பனியிடமிருந்து மாறினேன். பெயர் வேண்டாம். மூன்று வருட ஒப்பந்தம் முடித்து, கடைசிக் காசுவரை கட்டி, போன் முழுக்க என்னுடையதாகி நின்ற நாளில், அதைத் திறக்க 50 டொலரும் வரியும் கேட்டார்கள். வீடு வாங்கிக் கடன் கட்டி முடித்தவனிடம் திறப்புக்குத் தனியாகக் காசு கேட்பதுபோல இருந்தது. கட்டினேன். நான் மட்டுமல்ல. 2016ஆம் ஆண்டில் மட்டும் கனடாக் கம்பனிகள் போன் திறக்கும் கட்டணமாக 3 கோடியே 77 இலட்சம் டொலர் எடுத்திருந்தன. 2014ஓடு ஒப்பிட்டால் அது 75 வீதம் கூடுதல். ஓர் எண்ணைத் தட்டுவதற்கு.

தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சி.ஆர்.டி.சி. 2013 யூனில் கம்பியில்லாச் சேவை நடத்தைக் கோவையை வெளியிட்டது. அந்த டிசெம்பர் 2இலிருந்து நடைமுறை. மூன்று வருட ஒப்பந்தத்தின் முதுகெலும்பை அது முறித்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு தண்டம் கட்டாமல் யாரும் விலகலாம் என்றானது. முழு விலை கொடுத்து வாங்கிய போனை உடனேயும், மானிய விலையில் வாங்கியதை 90 நாளுக்குப் பிறகும் கேட்டால் திறந்துகொடுக்க வேண்டும். ஆனால் கட்டணம் வாங்கலாம் என்ற ஓட்டையை விட்டுவைத்தது. அந்த ஓட்டை வழியேதான் மேலே சொன்ன கோடிகள் போயின. 2017 யூனில் ஆணையம் அதையும் அடைத்தது: 2017 டிசெம்பர் 1இலிருந்து விற்கும் எல்லாப் போனும் திறந்தே வர வேண்டும், பழைய போனைக் கேட்டால் இலவசமாகத் திறக்க வேண்டும். பிரித்தானியா பூட்டிய போன் விற்பனையைத் தடைசெய்தது 2021 டிசெம்பரில். அமெரிக்காவில் போனைத் திறப்பதே பதிப்புரிமை மீறல் ஆகுமா என்று 2013இல் பெரிய சச்சரவு எழுந்து, ஒபாமா 2014 ஓகஸ்டில் தனிச் சட்டத்தில் கையெழுத்திட வேண்டி வந்தது. பூட்டிய போன் விற்பதற்கு அங்கே இன்றும் தடையில்லை. நியூ ஜெர்சி மைத்துனர் அனுப்பும் 'புத்தம் புது' போன் ரொறன்ரோவில் மரக்கட்டை ஆவதற்குக் காரணம் அதுதான். இந்தியாவில் சிக்கலே வேறு. அங்கே போன் பெரும்பாலும் தனியாக வாங்குவது, சிம் தனியாக வாங்குவது. 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு வழங்கிய சிடிஎம்ஏ போன், 2017இல் வந்த ஜியோபோன் என்று மலிவுச் சலுகையோடு வந்தவைதான் அங்கே கட்டிப்போட்ட போன்கள்.

சட்டம் பூட்டை எடுத்தது. கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 2019 யூலையில் போனின் விலையைத் தவணையாகப் பிரிக்கும் திட்டங்கள் வந்தன. 36 மாதத் தவணையைக்கூட முயன்றார்கள். இரண்டு வருட வரம்பை மீறும் அதை ஓகஸ்டில் சி.ஆர்.டி.சி. நிறுத்தச் சொன்னது. 24 மாதத் தவணை நிலைத்துவிட்டது. கையில் இருப்பது திறந்த போன். நாளைக்கே வேறு கம்பனி சிம் போடலாம். போட்டுவிட்டுப் பழைய கணக்கை மூடினால் மிச்சத் தவணை முழுவதும் அடுத்த பில்லில் வந்து நிற்கும். இன்னொரு வகைத் திட்டத்தில் 24ஆவது மாதம் போனைக் கீறலில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது ஒதுக்கிவைத்த ஒரு பெரும் தொகையைக் கட்ட வேண்டும். என் பார்வையில் பூட்டு போனிலிருந்து பில்லுக்கு இடம்மாறியிருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் இதை நாம் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறோம். படித்துப் பார்க்கிறோமா என்பது வேறு விசயம்.

போனைத் தனியாக வாங்கி, சிம்மைத் தனியாக வாங்குகிறவருக்குத்தான் 2017 தீர்ப்பின் பலன் முழுதாகக் கிடைக்கிறது. 2023 ஏப்ரலில் ரோஜர்ஸ் ஷோவை வாங்கியபோது, போட்டி அழியக்கூடாது என்பதற்காக ஃப்ரீடம் கியூபெக்கின் வீடியோட்ரோனுக்கு விற்கப்பட்டது. அந்த ஆண்டு நவெம்பர்த் தள்ளுபடியில், சொந்தப் போனோடு வருகிறவர்களுக்கு 34 டொலருக்கு 50 ஜிபி என்ற திட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகளில் கிடைத்தது. தவணையில் மாட்டியிருந்த என் நண்பர்கள் அதை வாட்ஸ்அப்பில் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

மாறுகிறோம் என்று நினைத்து மாறாமல் இருப்பவர்களும் உண்டு. ஃபைடோ, சாட்டர் இரண்டும் ரோஜர்ஸ். வேர்ஜின், லக்கி இரண்டும் பெல். கூடோ, பப்ளிக் மொபைல் இரண்டும் டெலஸ். இன்னும் ஒன்று: பெல்லும் டெலஸும் கோபுரங்களைப் பங்குபோட்டிருக்கின்றன. கிழக்கே பெல் கட்டியது, மேற்கே டெலஸ் கட்டியது. ரொறன்ரோவில் கூடோவை விட்டு வேர்ஜினுக்குப் போனவர் பெரும்பாலும் அதே கோபுரத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பில் குறையலாம், பேஸ்மென்டில் கோடு கூடாது.

கோபுரம் உண்மையாகவே வேறாக இருந்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்த நகரம் இரண்டு தடவை காட்டியிருக்கிறது. ஒன்று சுரங்க ரயில். 2012இல் பிஏஐ என்ற நிறுவனம் 2 கோடியே 50 இலட்சம் டொலருக்கு நகரப் போக்குவரத்து நிறுவனமான டிடிசியின் சுரங்கத்தில் வலையமைப்பு போடும் உரிமையை எடுத்தது. பெரிய மூன்று கம்பனிகளும் அதில் சேர மறுத்தன. விண்ட், பிறகு ஃப்ரீடம் மட்டும் சேர்ந்தது. ப்ளோர்–யங் மேடையில் மலிவு சிம் வைத்திருந்த மாணவி பேசிக்கொண்டிருக்க, இரண்டு மடங்கு பில் கட்டும் வங்கிக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு நின்ற காட்சியைப் பல வருடம் பார்த்தேன். 2023இல் ரோஜர்ஸ் பிஏஐயின் கனடாப் பிரிவை வாங்கி, மத்திய அரசு தலையிட்ட பிறகே அந்த ஒக்ரோபரில் பெல், டெலஸ் வாடிக்கையாளருக்கும் சுரங்கத்தில் சேவை கிடைத்தது.

மற்றது 2022 யூலை 8, வெள்ளிக்கிழமை. பராமரிப்பு வேலையின்போது செய்த ஒரு மாற்றத்தால் ரோஜர்ஸின் மைய வலையமைப்பு விழுந்தது. ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சேவை இல்லை. இன்டராக் என்ற வங்கி அட்டைச் சேவை நின்றதால் கடைகளில் வங்கி அட்டை தேய்க்க முடியவில்லை. பாடகர் தி வீக்கெண்டின் ரொறன்ரோ நிகழ்ச்சி தள்ளிப்போனது. மோசமானது 911 அவசர அழைப்பு. மையம் செத்திருந்தும் கோபுரங்கள் உயிரோடிருந்ததால், போன்கள் வேறு கம்பனியின் கோபுரத்தைத் தேடாமல் ரோஜர்ஸையே பிடித்துக்கொண்டு நின்றன. சிம் இல்லாத போன்கூட இந்த நாட்டில் 911ஐ அழைக்கும். சிம்மைக் கழற்றியிருந்தால் பலருக்கு வழி பிறந்திருக்கும். அன்று அது யாருக்குத் தோன்றியது? அதற்குப் பிறகு என் போனில் இரண்டாவது இடத்தில் வேறு கம்பனியின் மலிவு சிம் ஒன்று குடியிருக்கிறது. திறந்த போனுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பூட்டில்லை என்பதும் களவுப் பட்டியலில் இல்லை என்பதும் வேறு வேறு. 2013 செப்ரெம்பர் கடைசியிலிருந்து கனடாக் கம்பனிகள் களவுபோன போன்களின் ஐஎம்இஐ என்ற அடையாள எண்களைப் பொதுப் பட்டியலில் சேர்க்கின்றன. அதில் ஏறிய போன் எந்தச் சிம்மைப் போட்டாலும் இங்கே இயங்காது. நட்சத்திரம், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் என்று தட்டினால் 15 இலக்கம் திரையில் வரும். டிம் ஹோர்ட்டன்ஸ் வாகன நிறுத்தத்தில் யாரோ ஒருவரிடம் 400 டொலர் நீட்டுவதற்கு முன் அந்த எண்ணை இணையத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம், திரையில் வருவதைப் பாருங்கள்.

எண்ணை வைத்துக்கொண்டு கம்பனி மாறும்போது சறுக்கும் இடங்கள் உண்டு. புதிய சிம் வந்த ஆசையில் பழையதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மோசடி கூடியதால், உண்மையிலேயே மாறுகிறீர்களா என்று பழைய கம்பனி ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. 90 நிமிடத்துக்குள் ஆம் என்று பதில் போட வேண்டும். அது பழைய சிம்முக்குத்தான் வரும். பழைய கணக்கை நீங்களே முன்கூட்டி மூடவும் கூடாது; மூடினால் எண் போய்விடும். புதிய கம்பனியே அதை மூடிக்கொள்ளும். தகராறு வந்தால் சிசிடிஎஸ் என்ற முறைப்பாட்டு ஆணையம் இருக்கிறது. காசில்லை, கடிதம் எழுதினால் போதும். நம்மவர்கள் அங்கே போகாமல் கடைப் பிள்ளையோடு கத்திவிட்டு வருகிறார்கள்.

ஊருக்குப் போகும்போது திறந்த போனின் அருமை இன்னும் தெரியும். கனடா சிம்மோடு வெளிநாட்டில் இருந்தால் நாளுக்கு 10 முதல் 16 டொலர் வரை போகிறது என்று 2024இல் சி.ஆர்.டி.சி.யே குறைப்பட்டது. மூன்று கிழமைக்கு அதைக் கணக்குப் பார்த்தால் ஒரு தாலிக்கொடியின் கொளுக்கியாவது வாங்கலாம். இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி டயலொக் சிம் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. அல்லது முடிந்திருந்தது. 2025 செப்ரெம்பரில் வந்த ஐபோன் 17இன் கனடாப் பதிப்பில் சிம் போடும் தட்டே கிடையாது, இசிம் மட்டும். பூட்டு இல்லை, ஆனால் அட்டையை வைக்க இடமும் இல்லை. கடையில் அட்டையாகத் தரும் சிம்மை நம்பிப் போகிறவர்கள் அந்தப் போனை வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பையனின் விசயம் இப்படி முடிந்தது. என்னிடம் இருந்த மூன்று கம்பனிகளின் சிம்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு அடுப்படியில் நின்று பார்த்தோம். இரண்டு செத்தன. ஒன்றில் ஒரு கோடு நின்றது. அது 850 அலைவரிசை, இந்தியப் போனிலும் உள்ள 5ஆம் வரிசை. அங்கேயே அவன் அம்மாவை அழைத்துப் பார்த்தான், குரல் வந்தது. அந்தக் கம்பனிக்கே மாறினான். பழைய கம்பனி சிம் இருந்த இடம் காலியானதும், பெட்டிக்குள் கிடந்த ஜியோ சிம்மைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதை கேன்சல் பண்ணிடவா அங்கிள்?" என்றான். ஸ்டேட் வங்கியின் ஓடிபி எங்கே வரும் என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதை இரண்டாவது இடத்தில் செருகித் தட்டை மூடினான்.